பின்வாசல் வருஷம்

பவளமலை மோட்டார்ஸை வெர்டான் என்ற பெரிய கம்பெனி தன்னோடு சேர்த்துக்கொண்டதற்கு அடுத்த மாதம், ஒரு திங்கட்கிழமை, காலை ஷிப்டுக்குத் துளசிமணி இருபத்தேழு பேராக வந்தாள். முன்னால் நடந்தவள் இன்றைய துளசிமணி. பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வைண்டிங் பிரிவில் மூத்தவள், வயது நாற்பத்தெட்டு, சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்த ஒரே பெண்பிள்ளை. அவளுக்குப் பின்னால் அதே நெற்றியும் அதே நடையுமாக, இரட்டைச் சடை போட்டவள் ஒருத்தி, தாலிக்கயிற்றில் மஞ்சள் மாறாதவள் ஒருத்தி, நிறைவயிற்றைத் தாங்கி நடப்பவள் ஒருத்தி, மாமியாரைச் சுடுகாடு சேர்த்துவிட்டு வந்த முகத்தோடு ஒருத்தி, முதல் நரையை முந்தானையால் மறைக்கிறவள் ஒருத்தி என்று, அவள் அந்தக் கம்பெனிக்கு உழைத்த வருஷங்கள் ஆளுக்கொரு சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தன.

வாட்ச்மேன் ஆறுச்சாமி கண்ணைக் கசக்கிப் பார்க்கவெல்லாம் இல்லை. சேலையைப் பார்த்தாலே அவனுக்கு வருஷம் தெரியும். பழைய முதலாளி கிட்டுசாமி இருந்தவரை, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஈரோட்டுச் சந்தைக்குத் தானே போய், பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் சேலையும் ஆண்களுக்கு அதே நிறத்தில் சட்டைத்துணியும் ஒரே பேல் கட்டாக எடுத்து வந்து பொரி கடலையோடு கொடுப்பார். மறு பூஜை வரைக்கும் கம்பெனியே அந்த நிறமாக இருக்கும். அதனால் செங்காட்டுப்பாளையத்தில் யாரும் வருஷத்தை எண்ணால் சொல்வதில்லை. கிளிப்பச்சை வருஷத்தில் மழை இல்லை என்பார்கள், அரக்கு வருஷத்தில் பாலம் கட்டினார்கள் என்பார்கள், சாயம் போய் எல்லாப் பெண்களின் கழுத்தும் ஒரு வாரம் மஞ்சளாகத் திரிந்த மாம்பழ வருஷத்தைச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பார்கள். ஆறுச்சாமி நிறங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான், எல்லாம் நம்ம ஆளுங்கதான் என்று சொல்லிவிட்டு, லாரிக்குத் திறப்பதுபோலக் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டான்.

இப்படி வந்ததற்குக் காரணம் கேட்டால், கூப்பிட்டார்கள், வந்தார்கள், அவ்வளவுதான். சனிக்கிழமை கேன்டீனில் கூட்டம் போட்டிருந்தார்கள். வெர்டான் கம்பெனியிலிருந்து நிரஞ்சன் என்ற அதிகாரி சென்னையிலிருந்து வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், குரல் உயராத மனிதர். காயில் சுற்றும் வேலை இனிமேல் புனேயில் இயந்திரத்தில் நடக்கும், இங்கே அறுபது பேர் தேவைப்பட மாட்டார்கள், பழைய வருஷங்களெல்லாம் பழைய கம்பெனியோடு போய்விட்டன, அந்தக் கம்பெனியே இப்போது இல்லை, எங்களுக்கு உங்களைப் போன மாதத்திலிருந்துதான் தெரியும், இருந்தாலும் மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, ஆளுக்கு ஒரு மாதச் சம்பளமும் ஒரு ஹாட்பேக்கும் ஒரு சான்றிதழும் தருகிறோம் என்றார். சங்கத் தலைவர் சென்னியப்பன், ஆனைப் பசிக்குச் சோளப்பொரி என்று பக்கத்திலிருந்தவர் காதில் முணுமுணுத்தார். துளசிமணிதான் எழுந்து நின்று கேட்டாள்.

"அப்ப அந்தப் பழைய வருஷத்துக்கெல்லாம் ஆளே இல்லைங்கறீங்களா சார்?"

"இருந்தா வரச் சொல்லுங்கம்மா, பேசலாம்" என்றார் நிரஞ்சன், காகிதங்களை அடுக்கிக்கொண்டே.

கொங்குச் சீமையில் ஒருத்தரை வரச் சொன்னால் வரச் சொன்னதுதான். வாய்வார்த்தைக்குச் சொன்னேன் என்று பிறகு சொல்ல முடியாது. திங்கட்கிழமை எட்டு மணிக்குள் அறுபது பேர் வேலை பார்க்கிற இடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள், வந்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை, அவரவர் அந்தந்த வருஷத்தில் உட்கார்ந்த இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தார்கள், ஒரே ஸ்டூலில் இருபது பேர் மாற்றி மாற்றி உட்கார, புது இயந்திரத்தை அளந்து பார்க்க வந்த இன்ஜினியர்கள் டேப்பை விரிக்க இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். துளசிமணி தன்னையும் சேர்த்துத் தன் ஆட்களை எண்ணிப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், ஒருத்தி குறைந்தாள். யார் குறைகிறாள் என்று அவளுக்குத் தெரியும். தேடிப் போகவில்லை.

ஊர் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் முதல் நாள் திணறினார், மறுநாள் ஒரு முடிவுக்கு வந்து, ஆளுக்கு ஒரு டிக்கெட், கூட வருகிற வருஷங்களுக்குக் கிடையாது, ஆனால் கூட்டம் ஏறினால் வருஷங்கள்தான் எழுந்து இடம் விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாரியம்மன் கோயில் அன்னதானத்தில் இன்னும் இரண்டு அண்டா ஏற்றினார்கள். வீட்டுக்காரர்கள் வாடகை கூட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு, நாலு பேர் சிரித்ததும் விட்டுவிட்டார்கள். டீக்கடையில், யாரும் உத்தரவு போடாமலே ஒரு கட்டுப்பாடு உண்டானது: வந்திருக்கிற வருஷத்துக்கு அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்லக்கூடாது. மகனைப் பறிகொடுக்கப்போகிற வருஷம் மகனுக்கு முறுக்கு வாங்கிப் போகிறேன் என்று நின்றால், கடைக்காரர் இரண்டு முறுக்கு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

துளசிமணி வீட்டில் அவள் புருஷன் சின்னுசாமி, ஆட்டோ ஓட்டுகிறவர், தான் பெண் பார்க்கப் போனபோது இருபது வயதில் காபி கொண்டுவந்தவளே மறுபடி டம்ளரோடு எதிரில் வந்து நின்றதும், தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டார். கல்யாணமாகிக் கோவையில் இருந்த மகள் கவிப்ரியா லீவு போட்டு வந்து, தன்னைச் சுமந்துகொண்டிருந்த அரக்குச் சேலைத் தாயை நாற்காலியில் உட்காரவைத்து, வீங்கின காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். பொறந்தா என்ன பேரு வெக்கறதுன்னே தெரியல கண்ணு என்று அந்தத் தாய் கேட்டபோது, மகள் நாலைந்து பெயர் சொன்னாள், தன் பெயரையும் நடுவில் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னாள்.

மெஷின் பிரிவில் இருந்த ராக்கியப்பன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. ஆனால் அவனுடைய வருஷங்களும், முன்னால் நடக்க ஆளில்லாமல், தாமாகவே வரிசை கட்டி வந்திருந்தன. அவன் மனைவி மயிலாத்தா சேதி கேட்டு ஓடிவந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி வருஷம் பாதியில் நின்ற வருஷம் என்பதால் அது தினமும் மத்தியானம் வரைதான் இருக்கும், பிறகு காணாது. அதற்கு மட்டும் அவள் பதினொரு மணிக்கே சோறு கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, குழம்பு ஊற்றிச் சாப்பிடவைத்து, கை கழுவத் தண்ணீர் வார்த்தாள். அவள் கேட்பதற்கு ஒன்றும் இல்லாததுபோல, கேட்க உரிமையும் இல்லாததுபோல, பேச்சுவார்த்தை நடக்கும் அறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

நிரஞ்சனையும் அது விடவில்லை. வரச் சொன்னவர் யாருடைய வருஷம் என்று சொல்லவில்லையே. மூன்றாம் நாள் காலை அவர் காருக்குப் பக்கத்தில், கழுத்தில் டையும் கையில் வெறும் பையுமாக ஓர் இளைஞன் நின்றிருந்தான். அவர் முன்னால் வேலை பார்த்த ஒரு கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்தபோது லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு, சான்றிதழைக் கையில் கொடுத்து, அவரை வீட்டுக்கு அனுப்பிய வருஷம் அது. நிரஞ்சன் இரண்டு நாள் பார்க்காததுபோல நடந்தார். பிறகு ஆறுச்சாமியிடம் வந்து, இங்கே நல்ல டிபன் எங்கே கிடைக்கும், கூட ஒருத்தர் இருக்கிறார் என்று கேட்டார். சாருக்கும் ஒரு வருஷம் வந்திருக்குதாமா என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள், அதற்குப் பிறகு அவரைப் பார்த்தால் கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார்கள்.

இரண்டாவது வாரம் நிரஞ்சன் மேலிடத்தில் பேசிவிட்டு வந்து, வருஷங்கள் இருப்பதைக் கம்பெனி ஒத்துக்கொள்கிறது என்றார். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், சட்டப்படி. ஆனால் கடைசிப் பதினைந்து வருஷத்துக்கு மட்டும்தான். அதற்கு முன்னால் நீங்கள் எல்லோரும் வேலையை விட்டு நின்றுவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், முதல் கையெழுத்து துளசிமணி அம்மாவுடையது என்று சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தார்.

அது உண்மைதான். இருபத்தெட்டில் பதின்மூன்றாவது வருஷம், ஆர்டர் இல்லாமல் கம்பெனி படுத்துக் கிடந்தபோது, ஆள் குறைத்தால்தான் கடன் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். ஆயுத பூஜையன்று கிட்டுசாமி பொரித்தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, சேலை இல்லாத வெறுங்கையோடு நின்று, நீங்களாகவே நின்றுகொண்டதாக எழுதிக் கொடுங்கள், ஒரு வருஷம் பொறுங்கள், மறுபடி சேர்த்துக்கொள்கிறேன் என்று கேட்டார். உப்பிட்டவர் கேட்கிறார் என்று துளசிமணி முதல் ஆளாகப் போட்டாள், போட்டதோடு நிற்காமல், போடுங்கக்கா, நம்ம கம்பெனிதானே என்று மற்றவர்களையும் போடவைத்தாள். பேங்க்காரர்கள் கண்ணில் படக்கூடாதென்று அந்த வருஷம் முழுவதும் பழைய இரும்பு போடும் ஸ்கிராப் கொட்டகை ஓரத்துப் பின்வாசல் வழியாக வந்து பாதிக் கூலிக்கு வேலை செய்தார்கள். மறு பூஜைக்குக் கிட்டுசாமி சொன்ன சொல் தவறாமல் சேர்த்துக்கொண்டார். அவர் போய், மகன்கள் கம்பெனியை விற்று, இப்போது அந்தக் கையெழுத்து மட்டும் மிச்சம் நின்றது. அறுபது பேரில் பாதிப் பேருக்கு மேல் பழைய ஆட்கள். அவர்களுடைய பதின்மூன்று வருஷமும், துளசிமணி சொல்லிப் போடவைத்த அந்த ஒரு கையெழுத்தில் போகிறது.

கிடைத்தவரை வாங்கிக்கொள்ளலாம், இழுத்தால் இதுவும் போய்விடும் என்றார் சென்னியப்பன். அவர் சொன்னதிலும் தப்பில்லை. யாரும் அவள் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை, அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஸ்கிராப் லாரி டிரைவர் வந்து, பின்னால் ஒரு கூட்டம் பத்து நாளாக நிற்கிறது, லாரியைத் திருப்ப விடமாட்டேன் என்கிறது என்று சண்டை பிடித்தான். துளசிமணி எழுந்து பின்பக்கம் நடந்தாள்.

நாற்பது பேர் போல இருந்தார்கள். யூனிபாரம் இல்லை, ஒரே நிறம் இல்லை. வீட்டில் கட்டுகிற, வெளுத்த, ஒட்டுப்போட்ட துணி. நடுவில் பெரிய தூக்குச்சட்டியில் எல்லோருக்குமாகக் கம்மங்கூழ். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் முப்பத்து மூன்று வயதுத் துளசிமணி.

"உள்ள வர்றதுதானே? மத்தவங்கெல்லாம் வந்து ஒக்காந்திருக்காங்க" என்றாள் இவள்.

"எப்படீங்க்கா வர்றது? வேலைய உட்டுட்டோம்னு எழுதிக் குடுத்துருக்கமே. குடுத்த வார்த்தை இருக்குதுல்லீங்."

"அப்பறம் எதுக்கு வந்து நிக்கறே?"

"இந்த மாசம் ஆர்டர் போகோணுமுங்க்கா. நாங்க வரலீன்னா கம்பெனி நின்னு போயிரும்" என்று சொல்லிவிட்டு, நேரமாகிறதே என்பதுபோல அந்தத் துளசிமணி பூட்டிக் கிடந்த பின்வாசலைப் பார்த்தாள்.

பதினைந்து வருஷமாக இந்த ஒருத்தியை நினைத்துத் துளசிமணி கூசிக் கிடந்திருக்கிறாள். பொரிக்கும் கடலைக்கும் மயங்கிக் கையெழுத்துப் போட்ட ஏமாளி என்று தன்னையே திட்டியிருக்கிறாள். இப்போது நேரில் பார்த்தால், அந்த முகத்தில் ஏமாந்த களையே இல்லை. வேலைக்குப் போகிற அவசரம்தான் இருந்தது. மற்ற இருபத்தேழு பேரும் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள், இவள் ஒருத்திதான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவள் என்று தோன்றியதும், துளசிமணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது, கண்ணும் நிறைந்தது. இவளையா நான் மறைத்து வைத்தேன் என்று நினைத்தாள்.

"முன்வாசல்ல போலாம், வா கண்ணு" என்று கையைப் பிடித்தாள்.

"ஆராச்சும் கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன்."

நாற்பது பேரும் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, மதில் ஓரமாக நடந்து, முன்கேட்டுக்கு வந்தார்கள். ஆறுச்சாமி அந்த நிறமில்லாத கூட்டத்தைப் பார்த்தான், அடையாளம் கண்டான், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பேச்சுவார்த்தை அறையில் நாற்காலிகள் எல்லாவற்றிலும் வருஷங்கள் உட்கார்ந்திருந்தன. கிளிப்பச்சை எழுந்து இடம் கொடுத்தது, மாம்பழம் எழுந்து இடம் கொடுத்தது, கடைசியில் சென்னியப்பனும் எழுந்து இடம் கொடுத்தார். சுவரில் இருந்த டிவியில் மேலிடத்து அதிகாரிகள் இரண்டு பேர் தெரிந்தார்கள். நிரஞ்சன் தயக்கத்தோடு, இந்த வருஷம் இவர்கள் வேலைக்காரர்களே இல்லை, அதுதான் பிரச்சனை என்று மறுபடியும் சொன்னார்.

"சரீங்க சார். இல்லைன்னே வெச்சுக்குவோம்" என்றாள் துளசிமணி. "ஆனா அந்த வருஷத்து மோட்டாரெல்லாம் இன்னிக்கும் தண்ணி எறைக்குதுங்களே. வேலைக்காரன் செஞ்சா அதுக்குப் பேரு வேலைங்க. வேலைக்காரனே இல்லாதவன் வந்து பாதிக் கூலிக்குச் செஞ்சா அதுக்குப் பேரு கடனுங்க. அந்தக் கடன்லதான் இந்தக் கம்பெனி நின்னுச்சு. நின்னதாலதான் நீங்க வாங்குனீங்க. கம்பெனிய வாங்கறப்பக் கடனையும் சேத்துத்தானே வாங்கியிருப்பீங்க? இப்ப நீங்களே சொல்லுங்க சார். வருஷம்னு எடுத்துக்கறீங்களா, கடன்னு எடுத்துக்கறீங்களா? கடன்னா வட்டி பேசோணுங்க."

டிவியில் சத்தம் நின்றது. உள்ளே இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து வாயை அசைத்தார்கள், மூன்றாவதாக ஒருவர் வந்து குனிந்து வாயை அசைத்தார். பின்வாசல் வருஷம் மட்டும் சும்மா இருக்க முடியாமல், டம்ளர் தேடி எல்லோருக்கும் கூழ் ஊற்றிக் கொடுத்தது. நிரஞ்சனுக்கு ஒன்று, அவர் பக்கத்தில் டை கட்டி நின்றவனுக்கு ஒன்று. அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளருக்கு நீட்டினான். நிரஞ்சன் அவனைப் பார்த்துவிட்டு, டிவிப் பக்கம் திரும்பி, ஒரு நிமிஷம் நான் பேசலாமா என்று கேட்டு, இங்கிலீஷில் ரொம்ப நேரம் பேசினார். குரல் உயராத மனிதருக்கு அன்றைக்குக் கொஞ்சம் உயர்ந்தது.

"வருஷம்னே எடுத்துக்கலாம்னு சொல்றாங்கம்மா" என்றார் கடைசியில். "எல்லா வருஷமும்."

"ராக்கியப்பனுதும் இருக்குதுங்க சார்."

"அவர் இல்லையேம்மா?"

"அவரு வரலீங்க சார். வருஷந்தான் வந்திருக்குது. நீங்கதானே வரச் சொன்னீங்க."

நிரஞ்சன் சிரித்துவிட்டார், எழுதிக்கொண்டார். மயிலாத்தாவைக் கூட்டிவர ஆள் போனது. பாதியில் நின்ற அந்தக் கடைசி வருஷத்தையும் முழு வருஷமாகப் போடச் சொல்லித் துளசிமணி இன்னும் அரைமணி நேரம் வாதாடினாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது அவள் கட்சி.

பணம் கைக்கு வந்த அன்று மாலை, கடைசியாகச் சங்கு ஊதியதும், வருஷங்கள் கிளம்பின. கிளிப்பச்சை முதலில், பிறகு அரக்கு, பிறகு மாம்பழம் என்று நிறம் நிறமாக முன்வாசல் வழியாக வெளியே போய், பாலம் தாண்டும்போது கண்ணில் படாமல் போயின. ஊரே நின்று பார்த்தது, ஒவ்வொரு நிறத்துக்கும் யாராவது ஒருத்தர் ஏதாவது ஒரு கதை சொன்னார்கள். டை கட்டியவன் நிரஞ்சனுக்குக் கை கொடுத்துவிட்டு வெறும் பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். பின்வாசல் வருஷத்து நாற்பது பேர் மட்டும் போகாமல், போகிற நிறங்களைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளேயே ஒதுங்கி நின்றார்கள். கேட்கவில்லை. கேட்கிற வருஷம் அல்ல அது.

துளசிமணிக்குப் புரிந்தது. மறுநாள் விடிந்ததும் பெண்களைத் திரட்டிக்கொண்டு ஈரோட்டுச் சந்தைக்கு பஸ் ஏறினாள். எந்த நிறம் என்று மத்தியானம் வரை சண்டை நடந்தது. கிட்டுசாமி எடுக்காத நிறமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். வாடாமல்லி நிறத்தில் சேலையும் சட்டைத்துணியுமாக ஒரே பேல் எடுத்து, பேரம் பேசி, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

கேட்டுக்கு முன்னால் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கொடுத்து, அவரவர் வருஷத்துக்கு அவரவரே கட்டிவிட்டார்கள். துளசிமணி தரையில் மண்டியிட்டு, முப்பத்து மூன்று வயதுக்காரிக்குக் கொசுவம் எடுத்துச் செருகி, கரையை நீவி நேராக்கினாள்.

"இது எந்த வருஷத்துச் சேலைங்க்கா?" என்று அவள் துணியைத் தடவியபடி கேட்டாள்.

"உன்ற வருஷத்துதுதான், கண்ணு. வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாயிப்போச்சு."

அவள் தூக்குச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் கொட்டகைப் பக்கம் ஓரடி திரும்பினாள், நின்றாள், பிறகு முன்வாசலைப் பார்த்து நடந்தாள். ஆறுச்சாமி அடுத்த மாதத்திலிருந்து தனக்கும் வேலை இல்லாத கேட்டை இரண்டு கதவும் சுவரில் முட்டும்படி திறந்து பிடித்தான். நாற்பது வாடாமல்லியும் ரோட்டின் நடுவில் போயின, டவுன் பஸ் நின்று வழிவிட்டது.